மழைக்கால லாயம்: தரை காயவில்லை, நெடி போகவில்லை. படுக்கைக்கு எது போடலாம்?

செங்கை லாயம் (கேள்வி)

வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய தாழ்வான நிலம். மூன்று குதிரை: ஒரு மார்வாரி பெட்டை, காயடித்த ஆண் இரண்டு. எல்லாம் 350லிருந்து 400 கிலோவுக்குள். லாயம் ஒவ்வொன்றும் 12க்கு 12 அடி, சிமென்ட் தரை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முன்பக்கம் தாழ்வாரம் ஒன்றரை அடிதான் நீட்டிக்கொண்டிருக்கிறது.

படுக்கை இப்போது கீழே உமி, மேலே வைக்கோல். வெயில் காலத்தில் தொந்தரவு இல்லை. ஐப்பசி பிறந்தால் போச்சு. தினமும் ஈரத்தை அள்ளினாலும் மறுநாள் காலை கதவைத் திறக்கும்போது கண் எரிகிறது. உமி கீழே கஞ்சி மாதிரி கிடக்கிறது. பெட்டைக்குப் பின்னங்கால் இரண்டிலும் குளம்பின் அடியில் கறுத்துப்போய் நாற்றம்.

கேட்க நினைப்பது இவை: தேங்காய் நார்த்தூள் போட்டால் சரியாகுமா, எவ்வளவு வேண்டும்? ரப்பர் மேட் போட்டால் படுக்கையே தேவையில்லை என்கிறார்களே, அது நிஜமா? லாயத்துக்குள்ளேயே ஒரு சாக்கடைத் துளை வைத்துவிடலாமா? இன்னும் மூன்று வாரத்தில் மழை பிடித்துவிடும்.

கடிவாளம்

படுக்கையை அப்புறம் பார்ப்போம். மூத்திரம் எங்கே போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வழி இரண்டுதான். ஒன்று, படுக்கைக்குள் இறங்கித் தரைச் சரிவில் ஓடி வெளியே போக வேண்டும். இல்லையென்றால், விழுந்த இடத்திலேயே படுக்கை குடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அதை நாம் அள்ளிவிட வேண்டும். நீள வைக்கோல் முதல் வழிக்கு. நார்த்தூள், மரச்சீவல், மரத்தூள் இரண்டாவது வழிக்கு. உங்கள் லாயத்தில் இரண்டும் பாதிப் பாதி நடக்கிறது. வைக்கோல் மூத்திரத்தைக் கீழே விடுகிறது, கீழே இருக்கும் உமி அதைக் குடிக்கவும் மாட்டேன் என்கிறது, ஓடவும் விடமாட்டேன் என்கிறது.

உமியின் மேல்தோலில் சிலிக்காவும் மெழுகுப் பூச்சும் இருப்பதால் தண்ணீர் உள்ளே போவது சொற்பம். உமிக்கும் உமிக்கும் நடுவே இருக்கிற இடுக்கில்தான் நிற்கும். நீங்கள் சொன்ன கஞ்சி அதுதான். வைக்கோலை எடுத்துவிட்டு உமியை மட்டும் கூட்டினாலும் இதே கதை. உமி ஒரு மெத்தை, அவ்வளவுதான். பசித்த குதிரை அதை மேயும், அது வேறு வம்பு.

இப்போது கணக்கு. இந்த எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6லிருந்து 8 லிட்டர் மூத்திரம் விடும். லத்தி 15 கிலோவுக்கு மேல், அதிலும் முக்கால் பங்கு தண்ணீர். மூன்று குதிரைக்கும் சேர்த்தால் மூத்திரம் மட்டும் 20 லிட்டர், அதாவது ஒரு குடிநீர்க் கேன். தினமும் ஒரு கேன் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டு, 90 சதவீத ஈரக்காற்றில் தானாகக் காயட்டும் என்று விட்டால் காயுமா? மழைக்காலத்தில் ஆவியாகிப் போவது என்பதையே கணக்கில் எடுக்காதீர்கள். ஓட வேண்டும், அல்லது அள்ள வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால், உங்கள் ஈரத்தில் மூத்திரம் எவ்வளவு, மழை எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஷீட்டின் ஒரு பக்கச் சரிவு 6 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வைத்தால் 24 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 1,200 லிட்டர் கொட்டும். அது ஒன்றரை அடித் தாழ்வாரத்தின் நுனியிலிருந்து உங்கள் வாசலுக்கு முன்னாலேயே விழுந்து தெறிக்கிறது. இரண்டு நாள் குதிரையை வெளியே மாற்றிக் கட்டிவிட்டு, காலி லாயத்தை மழையில் கவனியுங்கள். குதிரையே இல்லாமல் தரை நனைந்தால் எந்தப் படுக்கையும் உங்களைக் காப்பாற்றாது.

நார்மில் வாசல்

கடிவாளம் அண்ணன் சொன்னது சரிங்க. நார்த்தூளைப் பத்தி மட்டும் நான் சொல்றேன். இதுல ஏமாறுறவங்க அதிகம்.

நார்த்தூள் தன் எடையைப் போல ஆறு, ஏழு மடங்கு தண்ணி பிடிக்கும்னு சொல்வாங்க. அது தொட்டியில ஊறப்போட்டுப் பார்த்த கணக்கு. குதிரை மிதிச்சுக்கிட்டு நிக்கிற படுக்கையில மூணு மடங்குன்னு வெச்சுக்குங்க. அப்படிப் பார்த்தா 7 லிட்டர் மூத்திரத்துக்குத் தினமும் ரெண்டேகால் கிலோ காய்ஞ்ச தூள் நனைஞ்சு வெளிய போகும். அதே அளவு புதுசா போடணும்.

ஆனா "காய்ஞ்ச" தூள்ங்கிறதுதான் விஷயமே. நார் மில்லுல இருந்து நேரா டிராக்டர்ல வர்ற தூள் பாதிக்கு மேல தண்ணிங்க. மட்டையை நனைச்சுத்தான் அடிக்கறாங்க, அப்புறம் வெட்டவெளியில குமிச்சு வெச்சிருப்பாங்க. அது ஏற்கெனவே குடிச்சு முடிச்ச தூள். அதைப் போட்டுட்டு "நார்த்தூள் வேலைக்கு ஆகலை"ன்னு சொல்லக் கூடாது.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கிலோ எடைபோட்டு, தகரத்துல மெல்லிசாப் பரப்பி ரெண்டு நாள் நல்ல வெயில்ல வையுங்க. திரும்ப எடை போடுங்க. 850 கிராம் நின்னா அருமையான சரக்கு. 600தான் நிக்குதுன்னா 40 சதவீதம் தண்ணிக்குக் காசு குடுக்கறீங்க. அவசரத்துக்குக் கையில ஒரு பிடி இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க. கையைத் திறந்ததும் பொலபொலன்னு உதிரணும். கொழுக்கட்டை மாதிரி உருண்டையா நின்னா வேண்டாம்.

அடுத்தது, 5 கிலோ கட்டி. செடிக்கு விக்கறாங்களே, அது. காய்ஞ்சதுதான், வெச்சிருக்கவும் வசதி. ஆனா அது விரியறதுக்கே 20 லிட்டர் தண்ணி கேக்கும். விரிச்சதும் படுக்கை ஈரமாயிடும். அதனால தண்ணி ஊத்தி ஊற வெக்காதீங்க. நாலு பக்கமும் மூணு, நாலு லிட்டர் தெளிச்சு ஒரு மணி நேரம் விட்டு, மண்வெட்டிப் பின்புறத்தால தட்டி உடைச்சு, ஒருநாள் வெயில்ல போட்டு எடுங்க. உதிரியா, சலிச்சு, காய வெச்சு சாக்குல கிடைச்சா அதுதான் உங்களுக்கு லேசு.

எவ்வளவு வேணும்னு கேட்டீங்க. 12க்கு 12ன்னா 13.4 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் கனத்துக்கு 1,340 லிட்டர் கொள்ளளவு. பெரிய சாக்கு 100 லிட்டர்னு வெச்சா ஒரு லாயத்துக்கு 13, 14 சாக்கு. கட்டியா வாங்கினா 20லிருந்து 25 கட்டி. இது முதல் தடவைக்கு. அப்புறம் வாரத்துக்கு ஒரு லாயத்துக்கு ரெண்டு சாக்கு இருந்தா ஓடும். மழைக்கு முன்னாடியே டிசம்பர் வரைக்கும் தேவையானதை வாங்கி, பலகை மேல அடுக்கி, தார்ப்பாய் போட்டு வெச்சிடுங்க. நவம்பர்ல காய்ஞ்ச தூள் வேணும்னு பொள்ளாச்சிக்குப் போன் பண்ணினா யாரும் எடுக்க மாட்டாங்க. பேராவூரணிப் பக்கமும் அப்படித்தான்.

தூள் சலிச்சதா இருக்கணும். நீள நார் கலந்திருந்தா வாரியில சுத்திக்கும், சில குதிரை அதை இழுத்து மெல்லும்.

செங்கை லாயம்

ரொம்ப நன்றி இருவருக்கும். மழை நாள் சோதனையைக் குழாய்த் தண்ணீரை ஷீட்டில் விட்டுச் செய்து பார்த்தேன். வாசலிலிருந்து மூன்றடி உள்ளே வரை தெறிப்பு வருகிறது. நடுவில் ஒரு குழிவு இருக்கிறது, அங்கே தண்ணீர் தேங்குகிறது.

இன்னொன்று. நெடிக்காக இப்போது சுண்ணாம்புத்தூள் தூவிக்கொண்டிருக்கிறேன். தூவின உடனே நெடி இன்னும் தூக்கலாக அடிக்கிறது, பிறகு அடங்குகிறது. வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறேன். தொடரலாமா?

ஈரக்குளம்பு

பிளீச்சிங் பவுடரை இன்றோடு நிறுத்துங்கள். மூத்திரம் ஊறிய தரையில் அது பட்டால் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற விஷவாயு கிளம்பும். மூடிய லாயத்தில் உங்களுக்கும் ஆபத்து, குதிரையின் நுரையீரலுக்கும் ஆபத்து. கழிவறை கழுவும் ஆசிட்டையும் அதனுடன் சேர்த்துவிட்டால் குளோரின் வாயு. கிருமிநாசினி போட்டே ஆக வேண்டும் என்றால், குதிரையை வெளியேற்றி, படுக்கை முழுவதும் அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, மூத்திர வாடை அறவே போன பிறகு, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

சுண்ணாம்பு தூவினால் நெடி ஏன் தூக்குகிறது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. மூத்திரத்தில் இருப்பது யூரியா. அதற்கு நெடி கிடையாது. லத்தியில் இருக்கும் பாக்டீரியாவின் யூரியேஸ் நொதி அதை உடைத்தால்தான் அம்மோனியா வரும். அதாவது லத்தியும் மூத்திரமும் கலக்கக் கலக்க நெடி கூடும். படுக்கை கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருந்தால் அந்த அம்மோனியா, அம்மோனியம் உப்பாக ஈரத்திலேயே தங்கிவிடும். காரம் ஏறினால் வாயுவாகக் கிளம்பிவிடும். நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரம், கார அமில எண் (pH) 12ஐ ஒட்டி நிற்கும். அதைத் தூவும்போது தங்கியிருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் விரட்டிவிடுகிறீர்கள். "பிறகு அடங்குகிறது" என்றீர்களே, அடங்குவதற்குக் காரணம் இருந்ததெல்லாம் குதிரையின் மூச்சுக்குள் போய்விட்டது. போதாததற்கு, ஈரமான குளம்பிலும் படுத்தால் தோலிலும் அது சுடும். அடுப்புச் சாம்பல், உமிச்சாம்பல் இரண்டும் இதே காரக் கூட்டம்தான், வீரியம் குறைவு.

நார்த்தூளுக்கு இந்த இடத்தில் ஒரு சாதகம் உண்டு. அதன் கார அமில எண் பெரும்பாலும் 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்கும். குடிப்பதோடு நிற்காமல் அம்மோனியாவையும் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

தூவ ஏதாவது வேண்டுமென்றால் உரக்கடை ஜிப்சம். படுக்கைக்கு மேலே தூவ வேண்டாம். தினமும் நனையும் இடத்தை அள்ளிய பிறகு, தரையில் ஒன்றிரண்டு கை பரப்பி, அதன்மேல் புதுத் தூள். ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும். ஒரு எச்சரிக்கை: ஜிப்சம் கலந்த ஈரக் கழிவை மூடிய குழியில் கொட்டி வைக்காதீர்கள். காற்றில்லாத இடத்தில் சல்பேட்டிலிருந்து அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அதுவும் ஆளைக் கொல்லும் வாயுதான். திறந்த குவியலாக வையுங்கள்.

நெடியை நின்ற உயரத்தில் முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை. காலை ஐந்து மணிக்கு, கதவை விரியத் திறப்பதற்கு முன் உள்ளே போய், குதிரை படுக்கும்போது அதன் மூக்கு இருக்கும் உயரத்துக்கு, தரையிலிருந்து ஒரு அடிக்கு, குனிந்து முகருங்கள். அங்கே கண்ணில் நீர் கட்டினால் படுக்கை தோற்றுவிட்டது. நீங்கள் ஒரு நிமிடம் முகர்கிறீர்கள், அது இரவு முழுக்க.

குளம்பு விஷயம். அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தான பகுதியின் இரு பக்கப் பள்ளமும், நடுப்பிளவும்தான் அழுகும் இடம். காற்றுப் புகாத ஈர அழுக்கில் வளரும் பாக்டீரியா வேலை அது. காலையும் மாலையும் குளம்பைக் குடைந்து, பழந்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு அயோடின். ஈரத்தின்மேல் மருந்து ஊற்றிப் பயனில்லை. நடுப்பிளவில் குடையும் கொக்கி உள்ளே இறங்குகிறது, அல்லது தொட்டால் காலை உதறுகிறது என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு டெட்டனஸ், அதாவது ரணஜன்னி, மற்ற கால்நடைகளைவிடச் சீக்கிரம் பிடிக்கும்.

தீவனத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கொள்ளில் புரதம் 22 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. வேலை இல்லாமல் மழைக்குள் கட்டிக் கிடக்கும் குதிரைக்குப் பந்தயக் குதிரைக் கணக்கில் கொள்ளும் புண்ணாக்கும் வைத்தால், மிஞ்சும் புரதம் எல்லாம் யூரியாவாகப் படுக்கைக்கு வரும், தண்ணீரும் கூடக் குடிக்கும். வேலை குறையும் மாதங்களில் கொள்ளைக் குறைத்து உலர்ந்த புல்லைக் கூட்டினாலே நெடி தணிவது தெரியும்.

மூன்றில் ஒன்று மட்டும் அளவுக்கு மீறி நனைக்கிறது என்றால் அது படுக்கைப் பிரச்சினை இல்லை. வாளியில் அளந்து தண்ணீர் வையுங்கள். 400 கிலோ குதிரை 20லிருந்து 25 லிட்டர் குடிப்பது இயல்பு, வெயிலில் இன்னும் கூடும். 40 லிட்டரைத் தாண்டித் தினமும் குடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூத்திரம் கலங்கலாக, பாகு மாதிரி இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குதிரைக்கு அது சுண்ணச்சத்துப் படிகமும் கோழையும் கலந்து அப்படித்தான் இருக்கும். வெள்ளை மரச்சீவல்மேல் பட்டுச் சற்று நேரத்தில் செம்பழுப்பாக மாறுவதும் சகஜம். விடும்போதே சிவப்பாக வந்தால்தான் கவலை.

கொட்டாரம்

உமியை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாமே. தஞ்சைப் பக்கம் உமி கிடைக்கிற மாதிரி வேறு எதுவும் மலிவாகக் கிடைக்காது. அடியில் உமி, மேலே நார்த்தூள் என்று போட்டால் செலவு பாதியாகுமே?

கடிவாளம்

அடியில் போட்டால் பழையபடி கஞ்சிதான். நார்த்தூள் நிரம்பி வழிவது உமிக்குள் இறங்கித் தேங்கும், நீங்கள் மேலிருந்து பார்க்கும்போது தெரியவே தெரியாது. உமியைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் நனையாத இடத்தில் போடுங்கள். காயடித்த குதிரையும் காயடிக்காத ஆண் குதிரையும் பெரும்பாலும் லாயத்தின் நடுவில் விடும். பெட்டை பின்சுவர் ஓரத்தில் விடும். ஒரு வாரம் கவனித்தால் ஒவ்வொன்றுக்கும் இடம் பிடிபட்டுவிடும். அந்த இடத்தில் நாலுக்கு நாலு அடி நார்த்தூள் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு. மீதி இடத்தில் உமியோ சீவலோ. எல்லையில் கொஞ்சம் கலக்கும், பரவாயில்லை. கடலைத்தோலுக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். மழையில் பூஞ்சணம் பிடிக்கும், குதிரை அதைத் தின்னவும் செய்யும்.

மரச்சீவலும் நல்ல சரக்கு. தச்சுப் பட்டறையில் எடுக்கும்போது என்ன மரம் என்று கேளுங்கள். பிளைவுட், எம்டிஎஃப் அறுத்த தூளில் பசையும் ரசாயனமும் இருக்கும், பொடியும் அதிகம். பூச்சிமருந்து ஏற்றிய மரமும் கூடாது. சீவலாகச் சுருண்டு வருவதை வாங்குங்கள், மாவாக இருப்பதை விடுங்கள். மாவு நெஞ்சில் ஏறும். பாய்லருக்குப் போகிற பெல்லட் (தூளை அழுத்திச் செய்த கட்டை) மலிவு என்று சிலர் எடுக்கிறார்கள். அதில் என்னென்ன அரைத்துப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சந்தேகம் வந்தால் சரக்குகளை நீங்களே சோதித்துவிடலாம். பழைய வேட்டித் துணியில் பை தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ போட்டு, ஒருநாள் முழுக்க வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். எடுத்து அரைமணி நேரம் தொங்கவிட்டு எடை பாருங்கள். வெறும் துணிப் பையையும் ஒன்று நனைத்துத் தொங்கவிட்டு அதன் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கூடின எடைதான் அது குடித்த தண்ணீர். விலையை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். சாக்கு விலை மலிவாக இருக்கிறது என்று வாங்குவது எவ்வளவு ஏமாற்று என்று புரிந்துவிடும்.

கொத்துக்கரண்டி

தரைக்கு வருகிறேன். நடுவில் குழிவு இருப்பதாகச் சொன்னீர்கள். காயடித்தது இரண்டும் நடுவில்தான் விடும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். ஆக, குழிவில் மூத்திரக் குளம். அதைச் சரிசெய்யாமல் நார்த்தூள் போட்டால் அங்கே மட்டும் சேறாகும்.

தரையைக் காயவிட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, தேங்கும் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து 12 அடிக்கு 2 அங்குலம் வாசல் பக்கம் சரிய வேண்டும். அதற்கு மேல் சரிவு வேண்டாம். குதிரை எப்போதும் மேடு பார்த்தே நின்று காலுக்கு வேதனை தேடிக்கொள்ளும், படுக்கையும் வழிந்து இறங்கும். பழைய தரையை உளியால் பொத்தலாகக் கொத்திவிட்டு, தூசி கழுவி, சிமென்ட் பால் அடித்து, அதன்மேல் பூச்சு. தாழ்ந்த முனையில்கூட ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஓரத்தை மெல்லிசாகத் தேய்த்து முடித்தால் லாடம் பட்டு முதல் மாதமே பெயரும். மேல்மட்டத்தை இழைக்காதீர்கள், ஈரத்தில் வழுக்கிக் குதிரை கால் விரித்துவிடும். தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்து விடுங்கள். ஏழு நாள் தண்ணீர் கட்ட வேண்டும். பதினைந்து நாளுக்கு முன் குதிரையை ஏற்ற வேண்டாம்.

உள்ளே சாக்கடைத் துளை கேட்டீர்கள். நார்த்தூள் போடப் போகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். தூள் மிதந்து போய் வளைவில் உட்கார்ந்து ஊதிப் பைப்பை அடைத்துவிடும். கம்பி வலை மூடியில் லாடம் மாட்டும் அபாயம் வேறு. வாசலுக்கு வெளியே நாலு அங்குல அகலம், இரண்டு அங்குல ஆழத்தில் திறந்த வாய்க்கால் போதும், துடைப்பத்தால் தள்ளிச் சுத்தம் செய்யலாம். கழுவும் நாளில் மட்டும் அது வேலை செய்யும்.

மழைத் தெறிப்புதான் உங்களுக்குப் பெரிய எதிரி என்று நினைக்கிறேன். தாழ்வாரத்தை மூன்றடிக்கு நீட்டுங்கள், அல்லது ஷீட் நுனியில் மழைத் தண்ணீரை வாங்கும் பிவிசி பீலி கட்டி நாலு அங்குலக் குழாயில் இறக்கிவிடுங்கள். சொட்டு விழும் கோட்டில் இரண்டடி அகலத்துக்கு அரையடி மண்ணை எடுத்துவிட்டு 20 எம்எம் ஜல்லி நிரப்புங்கள். மண்ணிலும் சிமென்டிலும் விழும் துளி எகிறும், ஜல்லியில் விழுந்தால் உடைந்து உள்ளே போய்விடும். வாசல்படியில் இரண்டு அங்குலத்துக்கு வரம்பு ஒன்று, குதிரை தடுக்காதபடி இரு பக்கமும் சரிவாக.

தயவுசெய்து தார்ப்பாயைக் கட்டி லாயத்தை நாலு பக்கமும் மூடாதீர்கள். மழை என்றதும் எல்லாரும் செய்வது அதுதான். உள்ளே ஈரம் சிக்கி ஷீட்டின் அடியில் வேர்த்துச் சொட்டும். மழை அடிக்கும் பக்கம் மட்டும், சுவரிலிருந்து வெளியே தள்ளிச் சாய்வாகக் கட்டுங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அடி எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

ரப்பர் மேட்: 18 எம்எம் கனம், ஆறுக்கு நாலு அடி அளவு. உங்கள் லாயம் 144 சதுர அடி, ஆறு மேட் சரியாக உட்காரும். அது குடிக்காது. படுக்கையே வேண்டாம் என்று சொன்னவர் குதிரை படுத்து எழுந்தபின் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்ததில்லை. மூத்திரம் இணைப்பு வழியாகக் கீழே இறங்கி, தரைக்கும் மேட்டுக்கும் நடுவே ஊறும். மாதம் ஒருமுறை தூக்கிக் கழுவ வேண்டும், ஒரு மேட் ஏறக்குறைய 45 கிலோ, இரண்டு ஆள் வேலை. பலன் என்னவென்றால், மெத்தென்ற பிடிப்பு கிடைப்பதால் படுக்கை 10 சென்டிமீட்டருக்குப் பதில் ஆறு போதும். குழிவைச் சரிசெய்யாமல் மேலே மேட் போட்டால் அதன் அடியில் நிரந்தரக் குட்டை.

செங்கை லாயம்

தரைக்குப் பதினைந்து நாள், மழைக்கு மூன்று வாரம். மூன்று லாயத்தையும் ஒரே நேரத்தில் காலி செய்ய இடமில்லை. எதை முதலில் செய்வது? நார்த்தூள் போட்ட பிறகு தினசரி வேலை எப்படி?

கடிவாளம்

பீலியும் ஜல்லியும் முதலில். இரண்டு நாள் வேலை, குதிரையை நகர்த்தவே தேவையில்லை. தரைப்பூச்சு நடுவில் நனைக்கிற இரண்டில் மோசமானதற்கு மட்டும் இப்போது. பெட்டை சுவரோரம் விடுவதால் அதன் லாயம் தை வரை தாங்கும். மற்றொன்றின் குழிவில் தற்காலிகமாக நார்த்தூளை 15 சென்டிமீட்டர் கெட்டியாக மிதித்து நிரப்பி, மூன்று நாளுக்கு ஒருமுறை அந்த இடத்தை மட்டும் அடிவரை மாற்றுங்கள். இருக்கிற உமி மொத்தத்தையும் அள்ளி வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். கொஞ்சம் கிடக்கட்டும் என்று மிச்சம் வைக்க வேண்டாம்.

தினசரி வேலை லத்தியில் தொடங்கட்டும். பல் நெருக்கமான வாரியால் காலை, மதியம், ராத்திரி கடைசி முறை என்று மூன்று தடவை உருண்டையாகவே பொறுக்கிவிட்டால் மூத்திரத்தோடு கலக்காது. யூரியேஸ் பற்றி மேலே சொன்னது இதற்குத்தான். அப்புறம் ஈரம். நார்த்தூள் இயல்பிலேயே கரும்பழுப்பு, நனைந்தது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. காலால் மிதித்துப் பாருங்கள். நனைந்த இடம் கேக் மாதிரி கெட்டியாக நிற்கும். மண்வெட்டியால் ஓரம் வெட்டி அப்படியே துண்டாகத் தூக்குங்கள். வைக்கோலைப் புரட்டுகிற மாதிரி நார்த்தூளைப் புரட்டவே கூடாது. ஒரு ஈரக் கட்டி படுக்கை முழுக்கப் பரவிவிடும். பள்ளத்துக்கு ஓரத்திலிருக்கும் உலர்ந்த தூளைத் தள்ளி, புதுத்தூளை ஓரத்தில் போடுங்கள். அப்போதுதான் ஓரத்தில் கிடப்பது பழசாகாமல் சுழலும்.

புதுப் படுக்கை மேலே புழுதி பறந்தால் பூவாளியில் ஒரு சுற்றுத் தெளித்தால் போதும். மழைக்காலத்தில் அதுவும் தேவைப்படாது.

போதுமா என்று பார்க்க, வேட்டியோ பேன்ட்டோ அணிந்த முழங்காலை நனையும் இடத்தில் ஊன்றிப் பத்து எண்ணுங்கள். முழங்காலில் ஈரம் பட்டால் கனம் போதவில்லை.

ஈரக்குளம்பு

ஒன்று சேர்க்கிறேன். ஈரப் படுக்கையில் ஈ முட்டையிலிருந்து ஈயாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். சுவரோரத்தையும் தீவனத்தொட்டிக்குக் கீழேயும் வாரம் இருமுறை தரை வரை சுரண்டாவிட்டால், நடுவில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஈ குறையாது. கோழிக்கு ஆழ்கூளம் போடுகிறோமே, அதுபோல மேல்மேலே போட்டுக்கொண்டு போகலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். உலர் காலத்தில், தரை நன்றாக உறிஞ்சும் இடத்தில் முடியும். ஐப்பசி கார்த்திகையில் ஏரிக்கரையில் வேண்டாம்.

நார்மில் வாசல்

அள்ளினதை வீசிடாதீங்க. வெறும் நார்த்தூள் மக்கறதுக்கு ரொம்ப நாளாகும், அதுல கரிச்சத்து ஜாஸ்தி, தழைச்சத்து ரொம்பக் கம்மி. நூத்துக்கு ஒண்ணுக்கும் குறைவு. அதனாலதான் வேளாண் பல்கலைக்கழகம் ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் போட்டு மக்க வைக்கச் சொல்றாங்க. உங்க தூள்ல யூரியாவைக் குதிரையே ஊத்திடுச்சு. லத்தியோட சேர்த்து நாலடி உயரத்துக்குக் குமிச்சு, மழை படாம மேல ஓலை போட்டு, பதினஞ்சு நாளுக்கு ஒருதடவை புரட்டி விடுங்க. கையை உள்ள விட முடியாத அளவு சூடு ஏறினா சரியா மக்குதுன்னு அர்த்தம். சூடு ஆறி, மண் வாசனை வந்தப்புறம் தென்னைக்கு வையுங்க. பச்சையா வெச்சா வேருக்குச் சூடு, அதுவுமில்லாம மண்ணுல இருக்கற தழைச்சத்தையும் அதுவே இழுத்துக்கும்.

குவியலை லாயத்துக்குக் காத்து வர்ற பக்கம் போடாதீங்க. வடகிழக்குல இருந்துதான் உங்களுக்குக் காத்து வரும், தென்மேற்கு மூலையில குமிங்க. ஏரிக்குத் தண்ணி வடியற பக்கமா இருந்தா சுத்தி ஒரு கரை கட்டிடுங்க.